சேர்ந்து பொங்காத வீடு

பியூலா எங்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்த வருஷம், ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், மேலச்சுனையூரில் இருந்த எல்லா வீட்டு இட்லி மாவும் ஒரே நேரத்தில் பொங்கி, ஒரே நேரத்தில் தணிந்து, முக்கால் மணி நேரம் கழித்து மறுபடியும் ஒரே நேரத்தில் பொங்கியது. எவர்சில்வர் தூக்கில் இருந்ததும், பிளாஸ்டிக் வாளியில் இருந்ததும், பிரிட்ஜுக்குள் மூடி போட்டு வைத்திருந்ததும் தூங்குகிற பிள்ளையின் வயிறு மாதிரி ஏறி இறங்கி, ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. என் மனைவி குழல்வாய்மொழி அடுப்படியில் இருந்து, "ஏங்க, மாவு மூச்சு விடுது" என்றாள். நான் பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமல், "பெரிய சட்டியில மாத்தி வை" என்றேன். அவள் மாற்றி வைத்தாள். எங்கள் ஊரில் அதிசயத்துக்குக் கிடைத்த வரவேற்பு அவ்வளவுதான்.

ஏன் பொங்கியது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்துகொண்டு தெரியாது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஊர் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டதைத்தான் நான் சொல்ல முடியும். பஸ் ஸ்டாண்டு ஓரம் ஹோட்டல் வைத்திருக்கும் சங்கரபாண்டி அண்ணாச்சி, மாவு ஏறும்போது ஊற்றினால் தோசை பஞ்சாகவும் இறங்கும்போது ஊற்றினால் முறுகலாகவும் வருகிறது என்று கண்டுபிடித்து, "ஏத்தமா, இறக்கமா?" என்று கேட்டு ஆர்டர் எடுக்க ஆரம்பித்தார், ஏற்றத்தில் பெண் பார்க்க வந்தால் சம்பந்தம் அமையும் என்று யாரோ கிளப்பிவிட, மாப்பிள்ளை வீட்டார் ஊர் எல்லையில் வேனை நிறுத்திவிட்டு மாவு ஏறக் காத்துக் கிடந்தார்கள், புருஷன் பெண்டாட்டி சண்டைகள்கூட இறக்கத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டன, ஏற்றத்தில் சண்டை போட்டால் மாவு வழிவதைக் கவனிக்க ஆளில்லாமல் போகும் என்பதால். நானும் விடவில்லை, பத்தாம் வகுப்பில் ஒரு தூக்கு மாவை மேஜைமேல் வைத்துக்கொண்டு வரைபடப் பாடம் நடத்தினேன். அந்த வருஷம் ஒரு பிள்ளைகூட என் வகுப்பில் கொட்டாவி விடவில்லை.

பியூலா மட்டும்தான் கலங்கிப் போனாள். நாசரேத் பக்கத்துப் பெண் அவள். பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் வரும் ஆராய்ச்சி நிலையத்தில் சிஸ்டம்ஸ் பயாலஜி என்று ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். ஒரு செல்லைத் தனியாகப் பிடித்துவைத்துக் குடையாமல், கோடிக்கணக்கான செல்கள் ஒன்றுக்கொன்று என்ன சொல்லிக்கொள்கின்றன, யார் சொல்லி யார் கேட்கிறார்கள் என்று மொத்தமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கும் படிப்பு அது என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளுடைய ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை நிறைய ஈஸ்ட் வளர்த்தாள். ஒன்று விடும் வாசனையை இன்னொன்று மோந்து, அது விடுவதை மற்றொன்று மோந்து, குடுவை முழுவதும் சேர்ந்து மூச்சு விடுமாம், முக்கால் மணிக்கு ஒருமுறை. அன்றைக்குச் சீனி கேட்டுக் கீழே வந்தவள் எங்கள் மாவுச் சட்டியைப் பார்த்தாள், கையில் இருந்த போனில் குடுவையின் மூச்சைக் காட்டும் கோடு ஏறி இறங்குவதைப் பார்த்தாள், மறுபடியும் சட்டியைப் பார்த்தாள், அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, இது என் குடுவை" என்றாள்.

"இல்லம்மா, இது எங்க மாவு" என்றாள் குழல்வாய்மொழி.

இரண்டு பேரும் சரியாகத்தான் சொன்னார்கள் என்பதுதான் குழப்பம்.

அந்த நேரத்தில் பியூலா டெல்லிக்கு ஒரு விருதுக்காக விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாள். இளம் ஆய்வாளர் விருது என்று பெயர். கிடைத்தால் அவள் பெயரிலேயே ஓர் ஆய்வகம், உதவிக்கு ஆட்கள், ஐந்து வருஷத்துக்கு யாரும் அசைக்க முடியாது. கிடைக்காவிட்டால் பங்குனியோடு இப்போதிருக்கும் தற்காலிக வேலை முடிந்துவிடும், குடுவையைக் கொட்டிவிட்டு ஹைதராபாத்தில் யாருடைய மருந்துக் கம்பெனியிலோ மாத்திரை சரியாகக் கரைகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அடுத்த வருஷம் போட முடியாதா என்று கேட்டேன். "அடுத்த வருஷம் நான் இளம் ஆய்வாளர் இல்ல சார், வயசு தாண்டிரும்" என்றாள். அவளைப் பார்த்தால் என் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரிதான் இருந்தாள்.

விண்ணப்பத்தில் ஒரு பக்கம், பொதுமக்களுக்குப் புரியும்படி எழுத வேண்டும் என்று இருந்ததாம். அதை எழுதி என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

"என்கிட்ட எதுக்கும்மா?"

"பொதுமக்கள் நீங்கதான் சார்."

படித்தேன். புரியவில்லை. திருத்திக்கொண்டு வந்தாள். இன்னும் புரியவில்லை. தமிழிலேயே எழுதிக்கொண்டு வந்தாள். அதில் எனக்கு முன்னால் புரிந்திருந்த ஒன்றிரண்டு இடங்களும் புரியாமல் போயின. அவள் கண் கலங்கிவிட்டது, எனக்கும் சங்கடமாகிவிட்டது, நன்றாகத்தான் இருக்கிறது அனுப்பு என்று பொய் சொன்னேன். அவளும் அனுப்பிவிட்டாள், எங்கள் ஊர் மாவு விஷயத்தையும் கடைசியில் சேர்த்து.

டெல்லிக்காரர்களும் அதிசயப்படவில்லை. அவள் முதல் சுற்றில் தேறிவிட்டாள் என்றும், குடுவையோடு சேர்ந்து ஓர் ஊர் மாவு பொங்குவது சரி, பொங்காத மாவு எங்கே என்றும் கேட்டுப் பதில் எழுதியிருந்தார்கள். கன்ட்ரோல் வேண்டும் என்று பியூலா விளக்கினாள். அதாவது எல்லா விதத்திலும் இதே மாதிரி இருந்து, குடுவையின் பேச்சை மட்டும் கேட்காத ஒரு மாவு. அதை வைத்துப் பார்த்தால்தான் மற்றதெல்லாம் கேட்கிறது என்று நிரூபிக்க முடியுமாம். அவள் வீடு வீடாகப் போனாள். எல்லார் வீட்டிலும் மாவு ஏறி இறங்கியது. பக்கத்து ஊர்களிலோ அரிசி வேறு, தண்ணீர் வேறு, அதனால் அவை கணக்கில் வராதாம். சோர்ந்துபோய்த் திரும்பியவள், கீழத்தெருக் கடைசியில் வேலி போட்ட ஒரு வீட்டையும் எதற்கும் பார்த்துவிடுவோம் என்று தட்டியிருக்கிறாள். வெளியூர்ப் பெண் என்பதால்தான் தட்டினாள்.

அது உலகம்மாள் வீடு. நாற்பத்தைந்து வயதிருக்கும், பீடி சுற்றிப் பக்கத்து ஊர்க் கடையில் போட்டுவிட்டு வருவாள், ஊரில் யாரும் அவளோடு பேசுவதில்லை. ஏன் என்று பியூலா எங்களிடம் கேட்டபோதுதான் எங்களுக்கே அது ஒரு கேள்வி என்று தெரிந்தது. கோயில் கொடை விழாவுக்கு வரி தர மறுத்தாள் என்றார் சங்கரபாண்டி அண்ணாச்சி. அவர் மனைவி, அதெல்லாம் இல்லை, போலீசில் யாருக்கோ எதிராகச் சாட்சி சொன்னாள் என்றாள். குழல்வாய்மொழி, ஒரு சடங்கு வீட்டில் சொல்லக்கூடாத ஒரு சொல்லைச் சொல்லிவிட்டாள் என்றாள், என்ன சொல் என்று கேட்டால் நினைவில்லை. நான் மாற்றலாகி இந்த ஊருக்கு வந்தபோதே பேசாமல்தான் இருந்தார்கள், நானும் பேசவில்லை. ஆக, யாருக்கும் காரணம் தெரியாத ஒரு கோபத்தை ஊரே சேர்ந்து பத்திரமாக வைத்திருந்தோம்.

உலகம்மாள் வீட்டு மாவு சேர்ந்து பொங்கவில்லை. ஆட்டி வைத்தால் மெதுவாகப் புளித்து, மறுநாள் தன் பாட்டுக்கு ஒரு தரம் பொங்கி, சும்மா இருந்தது. பியூலா அன்றைக்கு வாசல்படியை இரண்டிரண்டாகத் தாவி வந்து, "சார், கன்ட்ரோல் கிடைச்சிருச்சு!" என்று கத்தினாள். ஈஸ்ட்டும் அப்படித்தானாம், கூட்டத்தில் இருந்து பிரித்துத் தனியாக விட்டால் சேர்ந்து மூச்சு விடுவதை நிறுத்திவிடுமாம்.

செய்தி ஊருக்குள் பரவியது. பியூலாவை எல்லாருக்கும் பிடிக்கும். யார் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் ஒரு டாக்டரைப் போல விசாரிப்பாள், உண்மையில் அவள் அந்த டாக்டர் இல்லை என்றாலும். அவளுக்கு விருது வாங்கிக் கொடுப்பது ஊர்ப் பொறுப்பு என்று ஹோட்டலில் கூடித் தீர்மானம் போட்டார்கள். உலகம்மாளின் மாவு கெட்டுவிடக் கூடாது, அதாவது பொங்கிவிடக் கூடாது. அதற்கு அவள் இன்னும் ஒழுங்காகத் தனியாக இருக்க வேண்டும். இதுவரை ஏதோ பழக்கத்தில் பேசாமல் இருந்தோம், இனி அறிவியலுக்காகப் பேசாமல் இருப்போம் என்றார் அண்ணாச்சி. எனக்கு அது கேட்க நன்றாக இல்லை, ஆனால் எங்கே தப்பு என்று அப்போது சொல்லவும் தெரியவில்லை. பியூலா பதறிப்போய், "ஐயோ அண்ணாச்சி, இருக்கபடி இருந்தாப் போதும்" என்றாள். "நீ சும்மா இரும்மா, உனக்கு ஊரைப் பத்தித் தெரியாது" என்று அவளை அனுப்பிவிட்டு, கீழத்தெரு முனையில் ஒரு பெஞ்சைப் போட்டு, முறை வைத்துக் காவலுக்குப் பெண்களை உட்கார வைத்தார்கள்.

காவல் என்றால் சும்மாவா? வெயிலில் உட்கார்ந்தால் தாகம் எடுக்கும். முதல் நாள் காவலுக்குப் போனது குழல்வாய்மொழிதான். தண்ணீர்ப் பாட்டிலை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு செம்பு நீண்டிருக்கிறது, இவள் வாங்கிக் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, கொடுத்த கையை வெறுங்கையாக விடக் கூடாது என்று மடியில் இருந்த கறிவேப்பிலையில் ஒரு கொத்தை அதில் போட்டிருக்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை என்று இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறாள். அடுத்த நாள் காவலுக்குப் போனவள் பேன் பார்க்கச் சொல்லித் தலையை வேலியோரம் சாய்த்தாள், இதுவும் பேச்சில் சேராதாம். அதற்கடுத்து ஒருத்தி தன் மருமகளைப் பற்றி பெஞ்சைப் பார்த்துப் புலம்பினாள், வேலிக்குள் இருந்து "உம்" கேட்டது, பெஞ்சுதான் உம் கொட்டியது என்று அவள் நினைத்துக்கொண்டாளாம். மாசி பிறந்தபோது கீழத்தெரு முனையில் ஒரு பெஞ்சு போதவில்லை, எங்கள் வீட்டு நாற்காலிகள் இரண்டும் அங்கேதான் கிடந்தன.

கடைசி அளவு எடுக்கும் நாளில் ஊரே உலகம்மாள் வாசலில் நின்றது. பியூலா சட்டிக்குள் அளவுகோலை நட்டுவைத்துவிட்டு போனைப் பார்த்தாள். குடுவையின் கோடு ஏறியது. உலகம்மாளின் மாவும் ஏறியது. ஏறி, விளிம்பைத் தொட்டு, வழிந்து, தரையில் ஊர்ந்து வாசல்படிவரை வந்தது.

"யாருட்டி அவகூடப் பேசினது?" என்று சங்கரபாண்டி அண்ணாச்சி கத்தினார்.

நான் இல்லை, நீதான், நீ பேன் பார்க்கலையா, நீ புலம்பலையா என்று பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்தார்கள். அண்ணாச்சியின் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்து, "நீங்க அங்க சட்னி கொடுத்துவிடலையா? ருசி எப்படின்னு கேட்டுட்டு வரச் சொல்லலையா?" என்றாள். அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எங்கேயோ பார்த்தார். இத்தனை சத்தத்துக்கும் நடுவில் உலகம்மாள் மட்டும் வழிந்த மாவைப் பார்த்தபடி நின்றாள். அவள் முகத்தில் வந்தது சந்தோஷம். அதை மறைக்க அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு பியூலாவிடம் வந்தாள். "ஏம்மா, இன்னும் எத்தனை நாளு இருக்கு அந்த டெல்லிக்காரங்களுக்கு?"

"கொஞ்ச நாள் இருக்குக்கா."

"அப்பச் சரி. நான் கதவைச் சாத்திக்கிடுதேன். எல்லாரும் போங்க. பெஞ்சையும் எடுத்துட்டுப் போங்க. எனக்குப் பழக்கம்தான, மாவு தானா அடங்கிரும்."

கதவு சாத்தப்பட்டது. நாங்கள் பெஞ்சையும் நாற்காலிகளையும் தூக்கிக்கொண்டு வந்தோம். அதற்குப் பின் குழல்வாய்மொழி கறிவேப்பிலை ஒடிக்கும்போதெல்லாம் ஒரு கொத்து அதிகமாக ஒடித்து, கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். மூடிய கதவுக்குள்ளே மாவு மெல்ல அடங்கி வந்தது. ஜன்னல் திண்டில் உலகம்மாள் வைத்துவிடும் கிண்ணத்தைப் பார்த்து பியூலா தினமும் அளவு எடுத்தாள். கோடு தட்டையாகிக்கொண்டே வந்தது. இன்னும் ஒரே ஒரு அளவு, அதோடு முடிந்தது, விருது கைக்கு வந்த மாதிரிதான் என்றாள். சொல்லும்போது அவள் குரலில் உயிரே இல்லை.

அன்றைக்குக் காலம் தப்பி மழை பிடித்துக்கொண்டது, அந்தக் கடைசி அளவுக்குக் குடை பிடிக்க நானும் கூடப் போனேன். கிண்ணத்தில் மாவு அசையாமல் கிடந்தது. பியூலா எட்டி அளவுகோலை வைக்கும்போது ஜன்னல் வழியே உள்ளே பார்த்துவிட்டாள். நானும் பார்த்தேன். உலகம்மாள் தோசை வார்த்து முடித்துச் சாப்பிட உட்கார்ந்திருந்தாள், எதிரே இன்னொரு தட்டு வைத்து அதிலும் ஒரு தோசை போட்டிருந்தது. காவல் இருந்த பெண்களில் யாருக்காவது கொடுத்துப் பழகிய கை, தன்னை அறியாமல் வைத்திருக்கும். அவள் அந்தத் தட்டைப் பார்த்தாள், நாக்கைக் கடித்துக்கொண்டாள், தோசையை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

பியூலா அளவுகோலை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்க் கதவைத் தட்டினாள்.

"யாரு? வரக் கூடாதும்மா, போயிரு" என்றது உள்ளே இருந்த குரல்.

"பசிக்குதுக்கா" என்றாள் பியூலா.

நான் மழையில் குடையோடு நின்றுகொண்டிருந்தேன். திண்டில் இருந்த கிண்ணம் ஏறத் தொடங்கியது.

டெல்லிக்காரர்கள் கம்ப்யூட்டரில் பேட்டி எடுத்தார்கள். மாடியில் சிக்னல் சரியில்லை என்று எங்கள் கூடத்தில்தான் நடந்தது, ஜன்னலுக்கு வெளியே ஊர் நின்றது. திரையில் ஐந்து முகங்கள் இருந்தன. அவர்கள் இங்கிலீஷில் கேட்டதை என் இங்கிலீஷுக்கு எட்டிய வரை சொல்கிறேன். கண்ணாடி போட்ட ஓர் அம்மா, கன்ட்ரோல் பாதியில் ஏன் கெட்டது என்று கேட்டார். ஊர்க்காரர்கள் அந்த வீட்டோடு பேசிவிட்டார்கள் என்றாள் பியூலா. மறுபடி சரியாகி வந்திருக்கிறதே, கடைசி அளவு எங்கே என்றார் இன்னொருவர்.

"எடுக்கவில்லை சார்."

"எடுத்திருக்க முடியாதா?"

"முடியும். நான் கதவைத் தட்டாமல் இருந்திருந்தால் போதும்."

"பிறகு?"

"தட்டிவிட்டேன் சார்."

கண்ணாடி போட்ட அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அப்போதுதான் அவளுடைய ஆராய்ச்சி முதல்முறையாகப் புரிந்தது, புரிந்த மாதிரி இருந்தது.

விருது வேறு யாருக்கோ போனது. பங்குனியில் ஆராய்ச்சி நிலையத்தில் குடுவையைக் கொட்டிவிட்டார்கள். அடுத்த நாள் காலையில் ஊரில் எந்த வீட்டு மாவும் பொங்கவில்லை; குடுவையைக் கேட்டுக் கேட்டே பொங்கிப் பழகியதில் தானாகப் புளிக்க மறந்துபோய் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி கிடந்தது. சங்கரபாண்டி அண்ணாச்சி ஹோட்டலுக்குப் பூட்டுப் போட்டார். அப்போது உலகம்மாள் கீழத்தெருவில் இருந்து தூக்கோடு வந்தாள், ஒவ்வொரு வீட்டுச் சட்டியிலும், தனியாகவே புளித்துப் பழகிய தன் மாவில் ஒரு கரண்டி விட்டுக் கலக்கினாள். "அவசரப்படாம இருங்க, இது மெதுவாத்தான் வரும்" என்றாள். மறுநாள் விடிந்ததும் ஊரெல்லாம் பொங்கியது, முன்பு போல ஓயாமல் இல்லை, காலையில் ஒரே ஒரு தரம், எல்லாம் சேர்ந்து. ஒப்பிட்டுப் பார்க்க இப்போது ஊரில் ஒரு வீடு மிச்சமில்லை. இதில் பியூலா தோற்றாளா ஜெயித்தாளா என்று குழல்வாய்மொழி கேட்டபோது, கணக்கு வாத்தியாரான நான் பெரிய சட்டியைத் தேடப் போய்விட்டேன்.

பியூலா ஹைதராபாத்துக்குக் கிளம்பிய அன்று உலகம்மாள் பஸ் ஸ்டாண்டுவரை வந்து ஒரு சம்படத்தை அவள் கையில் திணித்தாள். உள்ளே மாவு இருந்தது.

"அங்க போயி மாவு ஆட்டி, இதுல ஒரு கரண்டி விட்டு வச்சுக்க. நாங்க இங்க பொங்கும்போது அங்கயும் பொங்கும். பொங்கலைன்னா உங்கிட்ட யாரும் பேசலைன்னு அர்த்தம். அதை எனக்குச் சொல்லிரணும், மறைக்கக் கூடாது."

பியூலா தலையாட்டினாள். அவள் அழுததில் பஸ் கண்டக்டர் டிக்கெட் கேட்காமலே முன்னால் போய்விட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் சட்டியில் மாவு ஏறிக்கொண்டிருக்கும்போது பியூலாவின் போன் வந்தது. வேலை பரவாயில்லை, ரூம் பரவாயில்லை, சாப்பாடு பரவாயில்லை என்றாள். குழல்வாய்மொழிக்குக் கறிவேப்பிலை ஆய்ந்து கொடுத்துக்கொண்டிருந்த உலகம்மாள் போனைப் பிடுங்கி, "பொங்குதா?" என்று மட்டும் கேட்டாள். அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுவது கேட்டது, பிறகு யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. குழல்வாய்மொழி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஹைதராபாத்துக்கு எந்த ரயில் என்று என்னைக் கேட்டாள். உலகம்மாள் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.